பெயரும் பந்தியும்

பொருளுக்கேற்ற பெயரும் உலகில் உண்டு. பொருள் நீங்கியபின் பெயர்மட்டும் எஞ்சி நிற்றலும் உண்டு. குடத்தின்மேல் 'தேன்' என்று எழுதிவைத்த மாத்திரத்தால் உள்ளிருப்பது இனித்துவிடாது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் சமயத்தைப் பற்றியமட்டில் நம்மிற் பலர் மேலெழுத்தையே உள்ளீடாகக் கொண்டு மனநிறைவு எய்திவிடுகிறோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு சொல், ஞாயிற்றுக்கிழமைக்கென ஒரு வெள்ளுடை, வீட்டுச் சுவரில் ஒரு திருவசன அட்டை ஆகிய இவை அமைந்துவிட்டால், நாம் கிறிஸ்தவர் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. பிறர்க்கும் ஐயம் எழலாகாது என்று எதிர்பார்க்கிறோம்.

கிறிஸ்தவர் என்னும் அப்பெயர் முதன்முதல் எங்கே, எவரால், எதனைக் கண்டு இடப்பட்டது என்பதை ஆராய்ந்து பார்ப்போமாயின், மெய்யான விசுவாசத்தையும் வெறும் புறத்தோற்றத்தையும் வேறு பிரித்தறிய ஓர் அளவுகோல் கிடைக்கும் என்று கருதுகிறோம். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. பெயர் பிறந்த ஊர்

சீரியா நாட்டில் ஓரொண்டிஸ் என்னும் ஆற்றங்கரையில் அமைந்த நகரம் அந்தியோகியா. செலூக்கஸ் நிக்காத்தோர் என்னும் அரசன் கி. மு. 300-ஐ ஒட்டி அதனை நிறுவினான். உரோமப் பேரரசின் காலத்தில் அது அப்பேரரசின் தலைசிறந்த நகரங்களுள் ஒன்றாய் விளங்கிற்று. கிரேக்கர், சீரியர், யூதர், உரோமர் எனப் பல இனத்தாரும் அங்கு வாழ்ந்தனர். இக்காலத்தில் அந்நகரம் அந்தாக்கியா என்னும் பெயருடன் துருக்கி நாட்டில் உளது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நேர்ந்த நிலநடுக்கத்தால் அது பெரிதும் அழிவுற்றதை நாம் அறிவோம்.

ஸ்தேவான் இரத்தசாட்சியாக மரித்தபின் எழுந்த துன்பத்தால் எருசலேமை விட்டுச் சிதறிய சீஷர்களுட் சிலர் அந்தியோகியாவை அடைந்தனர். அவர்களிற் பலர் யூதர்க்கு மட்டுமே சுவிசேஷத்தைக் கூறிவர, சீப்புரு தீவினரும் சிரேனே ஊரினருமாகிய சிலர் துணிந்து கிரேக்கர்க்கும் கூறினர். செய்தி கேட்ட எருசலேம் சபையார் பர்னபாவை அங்கு விடுத்தனர். அவர் தர்சு பட்டணம் சென்று சவுலைத் தேடி அழைத்து வந்தார். இருவரும் ஓராண்டு முழுதும் அச்சபையோடு கூடி வாழ்ந்து பலர்க்குப் போதித்தனர். அக்காலத்தில், அவ்வூரில், இப்பெயர் முதன்முதல் வழங்கலாயிற்று என்பது அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரம் தரும் வரலாறு.

இவ்வரலாற்றில் நாம் உற்று நோக்கத்தக்கவை மூன்று.

முதலாவது, இப்பெயரைச் சீஷர்கள் தாமே சூட்டிக்கொண்டாரல்லர் என்பது. அவர்கள் தம்மைச் சீஷர் என்றும், சகோதரர் என்றும், விசுவாசிகள் என்றும், பரிசுத்தவான்கள் என்றும் அழைத்துக்கொண்டனர். கிறிஸ்தவர் என்னும் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் மும்முறையே வருகிறது. சுவிசேஷங்கள் நான்கிலும் அஃது இல்லை. பவுலின் நிருபங்களுள் ஒன்றிலேனும் இல்லை. ஒருமுறை மேற்கூறிய அந்தியோகியா வரலாற்றிலும், ஒருமுறை அகிரிப்பா அரசன் வாய்மொழியிலும், ஒருமுறை பேதுருவின் முதலாம் நிருபத்திலும் வருகிறது. ஏரோதின் பக்கத்தாரை ஏரோதியர் என்றாற்போல, கிறிஸ்துவின் பக்கத்தார் என்னும் பொருளில் ஊரார் இட்ட பெயராகவே இதனை ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர்.

இரண்டாவது, புதுப்பெயர் ஒன்று வேண்டப்பட்டமைக்கு ஏது. யூதர் யூதராகவும் கிரேக்கர் கிரேக்கராகவும் தனித்தனியே இருந்தவரையில் பழைய பெயர்களே போதுமாயிருந்தன. இரு திறத்தாரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தபோது, அக்கூட்டத்தை யூதர் கூட்டம் என்றல் பொருந்தாது. கிரேக்கர் கூட்டம் என்றலும் பொருந்தாது. பிறப்பைக் குறிக்கும் சொற்கள் யாவும் தோற்றுப்போன இடத்தில், அவர்கள் ஓயாது எவரைப்பற்றிப் பேசினரோ அவர் பெயராலேயே அவர்களைச் சுட்டவேண்டியதாயிற்று என்று கொள்வது பொருத்தமுடைத்து. அச்சபையின் தலைவர் பெயர்வரிசை 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் உளது. சீப்புரு தீவிற் பிறந்த பர்னபா, கருநிறத்தன் என்று பொருள்படும் நீகர் என்னும் பெயர் கொண்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவைச் சார்ந்த சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதின் அரண்மனையில் அவனோடு வளர்ந்த மனாயீன், சபையை முன்பு துன்புறுத்திய சவுல் ஆகிய ஐவர் அவர். இவ்வைவரை ஒரு வரிசையில் இருத்தும் வேறு சங்கம் அந்நகரில் ஒன்று இருந்திருக்குமாயின் அது வியப்பே.

மூன்றாவது, பெயர் பெற்ற பின் அவர்கள் செய்த முதற்செயல். பெயர் வழங்கிய செய்தியை அடுத்தே, கிலவுதியு இராயன் காலத்துப் பஞ்சத்தைப்பற்றி அகபு என்பவர் அறிவித்த செய்தி வருகிறது. உடனே அந்தியோகியா சபையார், அவரவர் திராணிக்குத் தக்கபடி பொருள் சேர்த்து, யூதேயாவிலுள்ள சகோதரர்க்குப் பர்னபா, சவுல் இருவர் கையில் அனுப்பினர். ஊரார் இட்ட பெயருக்கு அவர்கள் உரை எழுதவில்லை, உணவு அனுப்பினர்.

2. பந்தியில் நேர்ந்த மாயம்

நிற்க. பெயர் பிறந்த அதே ஊரில் அப்பெயர்க்கு முதற்பழுது நேர்ந்ததையும் வேதம் மறைக்கவில்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். பேதுரு அந்தியோகியாவுக்கு வந்திருந்தபோது புறஜாதியாரோடு கூடி உண்டு வந்தார். பின்பு யாக்கோபினிடமிருந்து சிலர் வந்தனர். வந்தவர்க்கு அஞ்சிப் பேதுரு சிறிது சிறிதாய் அப்பந்தியினின்று விலகிக்கொண்டார். அவரைக் கண்டு மற்ற யூதரும் விலகினர். இச்சபையைக் கட்டியெழுப்பிய பர்னபாவும் அவ்வெள்ளத்தில் இழுக்கப்பட்டார். பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார்.

இச்செயலுக்குப் பவுல் இட்ட பெயரை நாம் கருதவேண்டும். மாயம் என்று நம் தமிழ் வேதம் மொழிபெயர்க்கும் அச்சொல், கிரேக்கத்தில் நாடக மேடைக்குரியது. முகமூடி அணிந்து தன்னதல்லாத வேடத்தை ஏற்று நடிக்கும் கூத்தனைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது அது. பரிசேயரைக் குறித்து ஆண்டவர் ஆண்ட சொல்லும் இதன் இனமே. பேதுருவின் உள்ளத்துக் கொள்கை மாறிற்றில்லை. புறஜாதியாரும் கிறிஸ்துவினால் ஏற்றுக்கொள்ளப்பட்டவரே என்பதை அவர் மறுத்தாரில்லை. அவரைப் 'பொய்ச் சமயத்தார்' என்று எவரும் கூறமுடியாது. உள்ளம் ஒன்று அறிய, இருக்கை வேறொன்று கூறிற்று. அவ்விடைவெளியையே பவுல் மாயம் என்றார்.

உணவுப் பந்தியில் இடம் மாறி அமர்ந்தது இத்துணைப் பெரிய குற்றமோ என்று சிலர் வினவலாம். அதே அதிகாரத்தில் பவுல் அதற்கு விடை கூறுகிறார். மனிதன் தன் பிறப்பினாலன்று, நியாயப்பிரமாணத்தின் கிரியைகளாலுமன்று, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தினாலேயே தேவனுக்குமுன் நீதிமானாகிறான் என்னும் உபதேசத்தை, இக்கண்டனத்தின் தொடர்ச்சியாகவே அவர் நாட்டுகிறார். தேவன் தம் பந்திக்கு ஏற்றுக்கொண்ட ஒருவனை நாம் நம் பந்தியினின்று விலக்குவோமாயின், விசுவாசம் மாத்திரம் போதாது, பிறப்பும் வேண்டும் என்று வாயால் மறுத்ததைச் செயலால் உபதேசித்தவராவோம். கொரிந்து சபையில் செல்வர் முந்தி உண்டு நிறைய, வறியோர் பசித்திருந்தபோதும், அதனைக் கர்த்தருடைய இராப்போஜனம் என்று ஒப்ப அவர் மறுத்தார். ஆகவே, விசுவாசப் பிரமாணத்தை நாவினாற் சொல்லும் இடம் ஆலயம். அதனை உடலினாற் சொல்லும் இடம் பந்தி என்று கொள்ளுதல் தகும்.

3. பெயர் குற்றமான காலமும் ஊதியமான காலமும்

கி. பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியா, பொந்து நாடுகளை ஆண்ட இளைய பிளினி என்பவர், திராயான் பேரரசர்க்கு எழுதிய கடிதமொன்று இன்றும் உளது. அதில் அவர் கேட்ட வினாக்களுள் ஒன்று நம் பொருளோடு நேரே தொடர்புடையது: கிறிஸ்தவர் என்னும் பெயரையே தண்டிப்பதா, அன்றிப் பெயரோடு சேர்ந்த குற்றங்கள் இருந்தாலன்றோ தண்டிப்பது? அவர் விசாரித்தார். சிலர் முன்பு கிறிஸ்தவராயிருந்து, மூன்றாண்டின் முன்னும் அதற்கு மேலும், ஓரிருவர் இருபதாண்டின் முன்னும் விட்டுவிட்டதாகக் கூறினர். அரசன் உருவத்தின்முன் தூபமும் மதுவும் படைத்துக் கிறிஸ்துவைப் பழித்தோரை அவர் விட்டுவிட்டார். மெய்க்கிறிஸ்தவரை இவற்றுள் ஒன்றையேனும் செய்விக்க இயலாதென்று தாம் கேள்வியுற்றதாகவும் எழுதுகிறார்.

குற்றம் தேடிய ஆளுநர் கண்டது யாது? குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுதலும், களவு, கொள்ளை, விபசாரம், வாக்குப்பிழை இவற்றைச் செய்யோம் என்று ஆணையிடுதலும், பின்பு மீண்டும் கூடிச் சாதாரணமான, தீங்கற்ற உணவை உண்ணுதலுமேயாம். உண்மையை வெளிப்படுத்தவென்று அவர் வதைத்த இருவர் அடிமைப் பெண்கள். அவர்களே சபையில் ஊழியக்காரிகள் எனப்பட்டோர். அரசியல் அறிந்த உரோமப் பெருமகன் ஒருவன் விசாரித்து அறிந்து எழுதிய இச்சான்றிலும் பந்தியே வந்து நிற்கிறது. அப்பந்தியில் அடிமையும் உளள், அதுவும் பணிபுரியும் பொறுப்புடையவளாய் உளள்.

பின்னர்க் காலம் மாறிற்று. 313-ஆம் ஆண்டில் கான்ஸ்தந்தீன் முதலியோர் இச்சமயத்துக்கு உரிமை நல்கினர். 380-ஆம் ஆண்டில் தியோதோசியு பேரரசர் கட்டளையால் அது பேரரசின் சமயமாயிற்று. துன்பம் நீங்கியது நன்றே. ஆயினும் உயிரை இழப்பித்த பெயர் இப்பொழுது பதவியைத் தேடித்தரும் பெயராயிற்று. விலை கொடுத்துப் பெற்றதைப் போலியாகச் செய்வார் அரியர். விலையின்றிக் கிடைத்து ஊதியமும் தருவதைப் போலியாகச் செய்வார் பலர். வெறும்பெயர்க் கிறிஸ்தவம் ஒரு பெருங்கூட்டமாய் வளரத் தொடங்கியது இக்காலத்திலேதான். பெயர் எங்கெல்லாம் மதிப்பையும் வேலையையும் கல்வியையும் தருமோ, அங்கெல்லாம் அப்பெயரைக் கொண்டோர் தம்மைத் தாமே மிகுதியாகச் சோதித்தல் வேண்டும். மிஷன் கல்லூரியிற் பயின்றவராகிய நமக்கு இது புறத்தார் செய்தியன்று.

4. நம் நாட்டுப் பந்தி

அந்தியோகியாவின் வழக்கு நம் தமிழ்நாட்டிலும் மீண்டும் தொடுக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்றோர் தம் சாதியையும் உடன்கொண்டு ஆலயத்துட் புகுந்தனர். இருக்கை வேறு, சிலவிடத்துத் திருவிருந்தில் பாத்திரத்தை அணுகும் முறையும் வேறு என்றாயிற்று. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றும் ஒழிதல்வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அதனை ஏலாது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு நீங்கினர். ஆண்டவரின் பாத்திரத்தையே விடத் துணிந்தவர் அயலானோடு அதனைப் பகிரத் துணிந்தாரில்லை.

ஈண்டு நாம் எவரையும் இகழ்தல் தகாது. தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் இன்றும் வாழும் பாடல்களை அருளிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே, மிஷனெரிமார் சாதியை வலிந்து ஒழிக்க முற்பட்டதை எதிர்த்து நின்றவருள் ஒருவர். அவர் பத்தியை ஐயுறுவார் எவருமிலர். பர்னபாவும் இழுக்கப்பட்டார் என்று பவுல் எழுதியதன் வருத்தத்தை இங்கே நாம் உணர்கிறோம். மெய்ப்பத்தரும் தம் ஊரார் நடுவே பந்தியில் வழுவுதல் கூடும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

கண்டித்தவர் பந்தியும் வழுவின்றி இருந்ததென்று கூறுதற்கில்லை. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரான வே. ச. அசரியா அவர்கள், 1910-ஆம் ஆண்டு எடின்பரோவிற் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டிற் பேசினார். அயல்நாட்டு ஊழியர்க்கும் இந்திய ஊழியர்க்கும் இடையிலுள்ள உறவே அவர் எடுத்துக்கொண்ட பொருள். மிஷனெரிமார் பொருளும் ஈந்தனர், உயிரும் ஈந்தனர் என்பதை நன்றியோடு ஒப்புக்கொண்டு, இறுதியில் அவர் வேண்டியது நட்பு ஒன்றையே. நாற்காலி அளித்தலையும், கைகுலுக்கலையும், விருந்துக்கு அழைத்தலையும் அவற்றின் பொருட்டே தாம் கேட்கவில்லை என்றும், உள்ளத்தில் உள்ள நட்புக்கு அவை சான்றாகுமாயின் அவற்றையும் அவற்றுக்கு மேலும் கேட்பதாகவும் விளக்கினார். அந்தியோகியாவில் பவுல் செய்ததையே, முப்பத்தைந்து வயதினராகிய ஒரு தமிழர் எடின்பரோவிற் செய்தார் எனலாம்.

இவை முன்னோர் கதை என்று நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. இன்றும் சில ஊர்களிற் கல்லறைத் தோட்டம் சாதிக்கொரு பகுதியாய்ப் பிரிந்து கிடக்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று அறிக்கையிட்டோர் உடல்கள் வெவ்வேறு வரிசையில் அவ்வுயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கின்றன. மணமகள் தேடும் விளம்பரங்களில் கிறிஸ்தவர் என்னும் சொல்லுக்கு அடுத்தாற்போல் சாதிப்பெயர் வருகிறது. எந்தப் பிறப்புச் சொல்லும் பொருந்தாமையால் பிறந்த அப்பெயர், இன்று ஒரு பிறப்புச் சொல்லின் அடைமொழியாய்க் குறுகிவிட்டது.

5. புறம் வேண்டாவோ?

இதுகாறும் கூறியவற்றால், புறவடிவம் யாவும் பயனற்றவை, உள்ளன்பு ஒன்றே போதும் என்று நாம் முடிவு செய்வதாக எவரும் எண்ணலாகாது. அது மற்றொரு வகை மாயம். ஆலயம் செல்லாமையை உள்ளான பத்தி என்றும், ஈயாமையை இரகசிய தர்மம் என்றும் சொல்லிக்கொள்ளுதல் எளிது. விசுவாசம் உள்ளத்துக்குரியதாயினும், காலும் கையும் வாயும் உடைய மனிதனிடத்தில் அது வாழ்கிறது. உள்ளிருப்பது புறத்தே தோன்றியே தீரும். புறம் உண்டா என்பதன்று வினா; அப்புறம் உள்ளினின்று வளர்ந்த தோலா, மேலிருந்து போர்த்த போர்வையா என்பதே வினா. தோலை உரித்தால் நோகும். போர்வையை நீக்கினால் நோவில்லை. நம் சமய அடையாளங்களுள் எதனை இழப்பின் நமக்கு மதிப்பு மட்டும் குறையும், எதனை இழப்பின் உயிரே குறையும் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல சோதனையாகும்.

இச்சோதனையைப் பிறர்மேல் ஏவுதலும் ஆகாது. அடுத்தவன் முகமூடியைக் கிழிக்கப் புறப்பட்டவன் பெரும்பாலும் தானும் ஒன்று அணிந்தே புறப்படுகிறான். ஆதலின் பின்வரும் வினாக்களை வேதபாட வட்டங்களில் ஒருவரையொருவர் கேளாது, ஒவ்வொருவரும் தம்மையே கேட்பாராக.

(அ) சென்ற திங்களில் நம்மோடு அமர்ந்து உண்டோர் யாவர்? அவருள் நம் குலத்தாரும் நம் நிலையினரும் அல்லாதார் எத்தனை பேர்?

(ஆ) எவர் வந்தால் நாம் நம் இருக்கையை மாற்றிக்கொள்கிறோம்? பேதுருவுக்கு யாக்கோபினிடத்தார் வந்ததுபோல நமக்கு அச்சம் தருவோர் எவர்?

(இ) விடுதியில் நமக்குச் சமைப்பவர், கழிவறையைத் துலக்குபவர் ஆகியோர் பெயரை நாம் அறிவோமா? அவர்களை எச்சொல்லால் விளிக்கிறோம்?

(ஈ) கிறிஸ்தவர் என்னும் பெயரால் நாம் பெற்ற ஊதியம் எவ்வளவு? அப்பெயர்க்காக நாம் இழந்தது யாது?

6. முடிவுரை

கிறிஸ்தவர் என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றாம் முறை வருவது பேதுருவின் முதலாம் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் என்று மேலே கூறினோம். கிறிஸ்தவன் என்று ஒருவன் பாடுபடுவானாயின் வெட்கமுறாதிருப்பானாக என்பது அங்கே உள்ள கருத்து. அப்பெயர் பிறந்த ஊரில், ஒரு பந்தியின் நடுவே, வந்தவர்க்கு அஞ்சி வெட்கி எழுந்துபோனவர் பெயரால் இவ்வறிவுரை வழங்குவதை நினைக்குந்தோறும் நம் உள்ளம் உருகுகிறது. கண்டிக்கப்பட்ட பேதுரு கைவிடப்படவில்லை. முகமூடி கழன்று விழுந்தபின்னும் முகம் இருந்தது. அம்முகத்தை ஆண்டவர் அறிந்திருந்தார். ஆகையால் தம் வழுவைக் கண்டு நாணும் மாணவர் எவரும் மனமுறியவேண்டுவதில்லை. எழுந்துபோன பந்திக்குத் திரும்பிவந்து அமர்தல் இன்றும் கூடும்.

இறுதியாக ஒன்று. அந்தியோகியாவில் இப்பெயரை இட்டவர் விசுவாசிகளல்லர். சந்தையிலும் தெருவிலும் அவர்களைக் கண்ட அயலார். நம் கல்லூரியிலும் நம்மோடு ஒரே வகுப்பிற் பயிலும் இந்து, இஸ்லாமிய நண்பர் பலர் உளர். நம் பதிவேடுகளை அவர்கள் வாசிப்பதில்லை. நம் பந்தியை நாள்தோறும் காண்கிறார்கள். நாம் அவர்க்கு நம் பெயரைச் சொல்லவேண்டுவதில்லை. நம்மை எப்பெயரால் அழைப்பதென்று தீர்மானிக்கும் உரிமை முதன்முதல் அவர்போன்றோரிடத்தே இருந்தது. இன்றும் அவர்களிடத்தே இருக்கிறது. அவர்கள் கண்டு தாமே அப்பெயரை இடும்படி நாம் வாழ்வோமாக.